நாற்பது பச்சை வாளிகள்

வாளிகளைக் காணோம்.

அனோர்ஸோர் தெருவில் நாற்பது வீடுகள். திங்கட்கிழமை நாற்பது வாசலிலும் நகராட்சியின் பச்சை வாளி, சமையல் கழிவு நிறைந்து நின்றது. மொத்த எடை இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ. செவ்வாய்க்கிழமை ஒரு வாளிகூட இல்லை. எடை பார்க்க வந்த நகராட்சி ஊழியன் எல்யோர் நோட்டில் பூஜ்யம் என்று எழுதினான். பிறகு, தான்தான் தெரு மாறி வந்துவிட்டோமோ என்று பெயர்ப்பலகையை இன்னொரு முறை பார்த்தான்.

வெள்ளிக்கிழமை நிதிக்குழு நேரில் வருகிறது. திங்கட்கிழமை எடை மறுபடியும் வந்தால், வாசலில் கழிவு சேகரிக்கும் திட்டம் ஊர் முழுவதற்கும். வராவிட்டால் நிதியும் இல்லை, எல்யோரின் தற்காலிக வேலையும் இல்லை.

"கவலைப்படாத தம்பி," என்றார் லாரி ஓட்டுநர் எர்காஷ். "நாப்பது வீட்லயும் ஒரே நாள்ல முட்டைக்கோஸ் சமைச்சப்பவே நெனச்சேன், இந்தத் தெரு ஒரு மாதிரின்னு."

தெருப் பெண்கள் எல்லோரும் யோசனை கேட்பது முஹைய்யோவிடம்தான். எல்யோர் அவர் கதவைத் தட்டினான். துடைத்துவிட்டதுபோல் இருந்த முற்றத்தில் இரண்டு ஆடுகள் வந்து அவன் நோட்டை மோந்து பார்த்தன.

"அக்கா, வாளி எங்க?"

"உள்ள இருக்கு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கற? நாங்க ரொப்பிக் குடுத்தோம். நீங்க காலியாத் திருப்பி வெச்சுட்டுப் போயிட்டீங்க! உங்கம்மா அடுத்த வீட்டுத் தட்டை வெறுந்தட்டாவா அனுப்புவாங்க?"

எல்யோருக்குக் காது சிவந்தது. ஒரு கைப்பிடி வால்நட்டாவது போடாமல் அவன் அம்மா யார் பாத்திரத்தையும் திருப்பியதில்லை. பதினெட்டுப் பக்க அறிக்கை எழுதியவனுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

அன்றே வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டான். ஒவ்வொரு வாளியிலும் இரண்டு கை கிஸ்மிஸ் போட்டான்.

புதன்கிழமை வாளிகள் வாசலுக்கு வந்துவிட்டன. தேய்த்துக் கழுவி, மேலே வெள்ளைத் துணி போட்டு. முதல் வாளியின் துணியைத் தூக்கினான். சூடான சம்சா. அடுத்ததில் பலாவ். அதற்கடுத்ததில் இன்னும் பலாவ்.

"அக்கா, கழிவு?"

"கிஸ்மிஸ் வந்த பாத்திரத்துல தோலைப் போடச் சொல்றியா? எங்களை என்னன்னு நெனச்ச?" என்றார் வாசலில் நின்ற முஹைய்யோ.

எர்காஷ் ஏழாவது சம்சாவை முடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். "தம்பி, நிதி கெடைக்காட்டியும் இந்தத் திட்டத்தை மட்டும் நிறுத்திடாத."

எல்யோரால் உட்கார முடியவில்லை. லாரியைச் சுற்றி நாலு தடவை நடந்தான். பிறகு அலுவலகத்துக்கு ஓடி, 'சமைத்த உணவு ஏற்கப்படாது' என்று அச்சடித்து வந்து நாற்பது கதவிலும் ஒட்டினான்.

ஒட்டி முடிப்பதற்குள் பன்னிரண்டாம் வீட்டு ஹோசியத் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"யாரு சமையல் பிடிக்கல? பேரைச் சொல்லு!"

"பொதுவா எழுதினது, அக்கா..."

"பொதுவா எழுதினா பன்னெண்டாம் வீட்டுல ஏன் ஒட்டின?"

வியாழக்கிழமை ஒவ்வொரு வாளியிலும் போட்டிச் சமையல். ஹோசியத்தின் வாளியில் ஒரு முழுக்கோழி, காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. யார் மனமும் நோகக் கூடாதென்று எல்யோர் நாற்பது வாளியிலும் ஒவ்வொரு வாய் சாப்பிட்டான். நோட்டில் மறுபடியும் பூஜ்யம். கை எண்ணெயில் அது முட்டை மாதிரி தெரிந்தது.

கடைசியில் முஹைய்யோ வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, நாளைக்குக் கழிவு இல்லன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. திங்கக்கெழமை குடுத்தீங்களே, அதே மாதிரி ஒரே ஒரு தடவை குடுங்க."

முஹைய்யோ பக்கத்தில் நின்ற ஹோசியத்தைப் பார்த்தார். ஹோசியத் ஆட்டைப் பார்த்தாள்.

"அதே மாதிரியேவா?"

"அச்சு அசலா அதே மாதிரி."

"சரி, எந்திரி. உனக்காகப் பண்றோம்."

வெள்ளிக்கிழமை நாற்பது வாளியும் விளிம்பு தட்ட முட்டைக்கோஸ் இலையோடு நின்றன. இருநூற்று நாற்பது கிலோ. குழுத் தலைவர் ஹம்ரோகுல் தராசை இரண்டு முறை பார்த்துவிட்டு லாரியின் முகப்பிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நல்ல ஜனங்கப்பா! அடுத்த வாரத்துலேர்ந்து ஊர்ல உள்ள அறுபது தெருவுக்கும் வாளி குடுத்துடு."

குழு கிளம்பியது. எல்யோர் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். நிஜம்தான். ஐந்து நாட்களில் முதல்முறையாக அவன் கால்கள் ஓர் இடத்தில் நின்றன.

அப்போது சந்தையில் முட்டைக்கோஸ் விற்கும் தோஹிர் தள்ளுவண்டியோடு வந்தான். முஹைய்யோ அவனிடம் ஒரு கட்டுச் சாக்குகளைத் திருப்பிக் கொடுத்தார். காலியாக இல்லை. மேல் சாக்கில் நாலு ரொட்டி இருந்தது.

ரொட்டியை வாங்கிக்கொண்ட தோஹிர் எல்யோரின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான்.

"அறுபது தெருவா? அக்கா, இனிமே ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடுங்க; ஆடு தின்னது போகக் கழிவு மிச்சமே இல்லாத உங்க ஒரு தெரு வாளிய ரொப்பறதுக்கே ரெண்டு தடவையும் சந்தையில இருந்த இலை மொத்தத்தையும் அள்ளிட்டு வந்தேன்!"