கண்ணில்லாப் பாப்பாக்கள் காட்டிய வழி

யாராவது ஒரு பொறுப்பைக் கொடுத்தால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் நாக்கு எனக்கு அமையவில்லை. கல்யாண வீட்டில் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால்கூட, சட்டைக் கையை மடித்துவிட்டு நாலு பேரை அதட்டிக்கொண்டே பார்த்துக்கொள்வேன். அப்படிப்பட்டவனிடம்தான் சில வருடங்களுக்கு முன்பு, பிள்ளைகளின் மலைச் சைக்கிள் பந்தயத்துக்குக் குடும்பங்களைத் தயார் செய்யும் வேலையை ஒப்படைத்தார்கள். (ஒப்படைத்தவர் இப்போது என்னைக் கண்டால் தெருவின் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்.)

மலை என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று போய்விட வேண்டாம். சிவகாசிப் பக்கம் மலை என்றால் கரடு. கொஞ்சம் பாறை, மீதி முழுக்கச் சீமைக் கருவேலம், அதைச் சுற்றி ஆடுகள் போட்ட ஒற்றையடிப் பாதை. சனிக்கிழமை ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை மதுரைப் பிள்ளைகளும் வந்து நிஜப் பந்தயம் என்று ஏற்பாடு. எங்கள் தரப்பில் ஆறு பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள் யாழினி.

ஹெல்மெட், தண்ணீர், வாழைப்பழம் போதும் என்று வாட்ஸ்அப் குழுவில் தினமும் எழுதினேன். சனிக்கிழமை விடியற்காலையில் குலதெய்வம் கோயில் கிடாவெட்டுக்கு வருகிற மாதிரி வந்து இறங்கினார்கள். ஒரு வீட்டார் தூக்குவாளி நிறையப் புளியோதரை. ஒரு அப்பா மகனின் சைக்கிளுக்குச் சந்தனம் பூசுகிறேன் என்று பிரேக்குக்கும் சேர்த்துப் பூசிவிட்டார். கோலமாவில் தொடக்கக் கோடு போட்டுக்கொண்டிருந்த என்மேல் யாருடைய மாமாவோ வந்து மோத, பை நிறைய மாவு என் தலையில் கொட்டியது. மார்கழிப் பனியில் அது அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துடைக்கப் பரவியதே தவிரப் போகவில்லை.

அந்தக் கூட்டத்தில் நிதானமாக இருந்தவர் முத்துமாரி அக்கா ஒருவர்தான். பட்டாசுக் கம்பெனியில் வேலை. மகன் கார்த்தியின் முதல் பந்தயம் என்பதால் பளபளவென்று ஒரு சிந்தெடிக் பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"யாளினி அப்பா, பாதை அந்த மூடுன கம்பெனிப் பக்கம் போகாதுல்ல?"

கரட்டுக்குப் பின்னால் எப்போதோ மூடிப்போன ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. ஆள் இல்லை, காவல் இல்லை.

"திரும்பவே திரும்பாதுக்கா. வளைவுக்கு வளைவு படம் ஒட்டியிருக்கேன். படத்தைப் பாத்துப் போனாப் போதும், நான் கேரண்டி."

"உள்ள வெடிமருந்து இன்னும் சிந்திக் கிடக்குன்னு சொல்லுதாக. அதான் கேட்டேன், தப்பா நினைக்காதீக."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் திருத்தங்கலில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் சூப்பர்வைசர். காலண்டர் சீசன். கொழுகொழுவென்று சிரிக்கும் ஒரு பாப்பா படம் லோடு லோடாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பிரஸ்ஸில் கறுப்பைக் கடைசியில்தான் ஓட்டுவோம். கறுப்பு ஓடினால்தான் பாப்பாவுக்குக் கண் வரும், புருவம் வரும், முடி வரும். அதற்கு முன்பே வீணாகிப்போன ஷீட்டுகளை ஒரு கட்டு அள்ளி வந்து, மைதாப் பசை காய்ச்சி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதை நெடுக ஒட்டிவிட்டேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய இரண்டு குழி. கீழே வாய் நிறையச் சிரிப்பு. தினமும் பார்த்துப் பழகியவனுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. "ஏங்க, இதப் பாத்தா வயித்தக் கலக்குது" என்று என் மனைவி சொன்னபோதுகூட, "உனக்கு பிரிண்டிங் தெரியாது" என்று முடித்துவிட்டேன்.

பனிமூட்டத்துக்குள் ஆறு சைக்கிளும் போய் மறைந்தன. கொஞ்ச நேரம் மணிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கரட்டை ஒரு சுற்றுச் சுற்றிவர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? புளியோதரை பரிமாறி, சாப்பிட்டு, கைகழுவி, பேச்சும் ஓய்ந்துவிட்டது. ஒரு பிள்ளையும் வரவில்லை. எல்லோரும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குருவிச் சத்தம் இல்லை.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது. கண் இல்லை. சிரித்துக்கொண்டே, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், ஆடி ஆடி எங்களை நோக்கி வந்தது. ஒரு அம்மா "ஆத்தாடி!" என்று அலறி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வந்த பிறகுதான் அதற்குப் பின்னால் ஒரு வெள்ளாடு இருப்பது தெரிந்தது. வாயில் பாப்பா. பாதி தின்றாகிவிட்டது.

மைதாப் பசை! ராத்திரியே ஆடுகள் வந்து பாதை முழுக்க நக்கித் தின்றிருக்கின்றன. எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் வேறொன்று நினைவுக்கு வந்தது. ஒட்டியது போக மிஞ்சிய ஷீட்டுகளை, தூக்கிச் சுமக்கச் சோம்பல்பட்டு, மூடிய கம்பெனி வேலியோரம் போட்டுவிட்டு வந்திருந்தேன். அவற்றில் பசை இல்லை. ஆடு தொடாது. காற்று தொடும்.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடினேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு முத்துமாரி அக்காவும் பின்னால் ஓடிவந்தார்.

நினைத்தது சரிதான். சரியான பாதையில் ஒரு பாப்பாவும் இல்லை. தப்பான பாதையில் முள்ளுக்கு முள் பாப்பா. சிரித்துச் சிரித்து அழைத்துப் போய்க் கடைசியில் வேலியில் இருந்த ஒரு ஓட்டையில் விட்டன. ஓட்டைக்கு வெளியே ஆறு சைக்கிளும் சாய்ந்து கிடந்தன.

வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்தார். "கத்தாதீக. பயந்து அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுனா எதுலயாச்சும் உரசிரும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது என்ன துணி?"

பந்தயத்துக்கென்றே வாங்கிய நீல நிற டிராக் சூட். சுத்தமான பாலியஸ்டர்.

எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மருந்து இருக்கிற இடத்துக்குள் காட்டன் துணியோடுதான் போகலாம். மற்றத் துணி உரசினாலே பொறி வரும். அக்கா தன் சேலையைக் குனிந்து பார்த்தார். "தெனமும் காட்டன்தான் கட்டுதேன். இன்னைக்குன்னு பாத்து இந்தச் சனியனைக் கட்டிட்டு வந்துட்டேனே" என்றார். உள்ளே இருப்பது அவருக்கு ஒரே பிள்ளை.

செல்போனையும் சாவியையும் எடுத்து வைத்துவிட்டு ஷூவைக் கழற்றினேன். பிறகு டிராக் சூட்டையும். மிச்சம் இருந்தது பனியனும் பச்சைக் கோடு போட்ட டிராயரும். நல்லவேளை, இரண்டும் காட்டன். அக்கா துணிகளை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

உள்ளே ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளிக் கட்டிய ஒற்றை அறைகள். ஓடித் தப்பிப்பதற்காக ஒவ்வொன்றிலும் பல வாசல்கள். கதவுகள் எல்லாம் போய்விட்டிருந்தன. ஒரு அறை வழியாகப் பார்த்தால் அடுத்த அறை, அதன் வழியாக அதற்கடுத்தது, கடைசியில் பனி. ஈரச் சுவரில் கன்னம் ஒட்டிச் சில பாப்பாக்கள். வாசற்படியில் மல்லாந்து சில. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சிரிப்பு. கண் இல்லாதது என்னையே பார்ப்பதுபோல் எப்படி இருக்க முடியும் என்று தெரியவில்லை, ஆனால் இருந்தது. வெறுங்காலில் மண்ணைத் தடவித் தடவி நடந்தேன். ஒரு வெடிச் சத்தத்துக்காக உடம்பு முழுக்கக் காதாகிக் காத்திருந்தது. என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான் இங்கேயே கிடக்கிறேன் என்று யாரிடமோ மனதுக்குள் சொன்னேன். அழுதேன் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

கடைசி அறையில் ஆறு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பாப்பா பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. போகவும் தைரியமில்லாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வாசலில் போய் நின்றேன். "பிள்ளைகளா, மெதுவா வெளியே வாங்க" என்று சாந்தமாகச் சொல்ல நினைத்தேன். வறண்ட தொண்டையும் கோலமாவும் சேர்ந்து "ஹ்ஹாஆஆ" என்றுதான் வந்தது.

திரும்பினார்கள். யாழினி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பனியனைப் பார்த்தாள். அப்புறம் டிராயரைப் பார்த்தாள். ஒரு நொடி யோசித்தாள்.

"பேய்லே! ஓடுங்க!"

மெதுவாகவா போனார்கள்? வேலி ஓட்டையை ஆறு பேரும் ஒரே நேரத்தில் கடந்தார்கள் என்று அக்கா பிறகு சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். எதுவும் உரசவில்லை. எதுவும் வெடிக்கவில்லை. தூரத்தில் சைக்கிள் சங்கிலிகள் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. முகத்தைத் திருப்பியபடியே துணியை நீட்டினார்.

"என் மேல தப்புக்கா. எல்லார்ட்டயும் சொல்லிடறேன்."

"ஆடு தின்னதச் சொல்லுங்க, மிச்சப் படத்த அங்கன போட்டதயும் சொல்லுங்க. நீங்க உள்ள போனத மட்டும் சொல்லாதீக. அது பேயாவே இருக்கட்டும். இனி ஒரு பய இந்த வேலிகிட்ட வருவானா?"

மறுநாள் பந்தயத்தைக் கரட்டின் முன்பக்கத்துக்கே மாற்றிவிட்டோம். படம் கிடையாது, கலர் ரிப்பன்தான். யாழினி கடைசிக்கு முந்தி வந்தாள். சாயங்காலம் மெதுவாகக் கேட்டேன்.

"நேத்து நிஜமாவே பயந்துட்டியாம்மா?"

"தெனமும் கொடியில காயுற டிராயருப்பா. எனக்குத் தெரியாதா?"

"பிறகு ஏன் பேய்னு கத்துன?"

"அப்பானு சொல்லியிருந்தா நான் எப்படி ஸ்கூலுக்குப் போறது?"

சமையலறையில் என் மனைவி பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

கதை பரவியது. இப்போது ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் போவதில்லை. வேலி ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. ஒரு பிள்ளையும் அதற்குள் நுழையவில்லை. போன மாதம் விருதுநகர் பஸ்ஸில் முன்சீட்டில் ஒருவர் தன் மகனுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். வெள்ளை வெளேர் என்று இருக்குமாம். தொப்பை தொங்குமாம். நான் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினேன். பையன் மிரண்டுபோய், "ஓடுனா வெரட்டிப் பிடிச்சிருமாப்பா?" என்றான். அவருக்கு அது தெரியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழினி முன்னால் குனிந்து அவன் தோளைத் தட்டினாள்.

"பயப்படாத தம்பி. அதுக்கு ஓட முடியாது, மூச்சு வாங்கும்."