வலப்பக்கம் மட்டும் திரும்பிய வண்டி குறித்து மாமாவுக்கு

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். உங்கள் மணிக்கட்டில் போட்ட மாவுக்கட்டை எப்போது பிரிப்பார்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பிப்பீர்கள் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

எண்ணெயில் ஓடும் உங்கள் நைட்ரோ ரிமோட் காரில், சக்கரத்தையும் பிரேக்கையும் அசைக்கும் புது சர்வோ மோட்டார் இரண்டையும் நானே பூட்டி முடித்தால், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் உங்களுக்குப் பதிலாக நான் ஓட்டலாம் என்றீர்கள். முடித்துவிட்டேன். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறது. என் பெயரைக் கொடுத்துவிடுங்கள். நடுவில் நடந்ததை வேறு யாராவது உங்களிடம் போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஸ்டியரிங். சுவிட்சைப் போட்டு, சர்வோ நடுவுக்கு வந்து நின்ற பிறகுதான் அதன் பல் வைத்த தண்டில் கையை மாட்ட வேண்டுமாம். கையேட்டில் இருக்கிறது. நான் கையேடு படிப்பதில்லை. பாக்டரியில் பிஸ்கட் பெட்டி அடுக்கும் பதினாறு இயந்திரக் கைகளைச் சீராக வைத்திருப்பவனுக்கு இந்த விரல் நீளக் கை எம்மாத்திரம்? மாட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். முன்சக்கரம் இரண்டும் வலப்பக்கம் திரும்பிக் குளியலறையைப் பார்த்தன. உங்கள் அக்கா காய் நறுக்கியபடியே எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பல்லு தள்ளி மாட்டியிருக்கேடா. கழட்டி மாட்டு."

"இது கன்ட்ரோல் சிஸ்டம்மா. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாதுதான். சக்கரத்துக்கும் புரியலையே."

ரிமோட்டில், சக்கரத்தின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் டிரிம் திருகியை இடப்பக்கம் கடைசிவரை திருகி நேராக்கினேன். அதற்கப்புறம் இடப்பக்கம் திரும்ப மிச்சம் எதுவும் இல்லை. மூன்று முறை வலப்பக்கம் திரும்பினால் ஒருமுறை இடப்பக்கம் திரும்பிய கணக்குதானே என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது வேகத்துக்கும் பிரேக்குக்குமான சர்வோ. அது தலைகீழாக வேலை செய்தது. ட்ரிக்கரை இழுத்தால் பிரேக், தள்ளினால் வேகம். எஞ்சின் திருகாணியை நான் திருகும்போது ரிமோட்டைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று அப்பாவை அப்படியே பழக்கினேன். பிறகு ரிமோட்டில் இருந்த திசை மாற்றும் சுவிட்சைத் தட்டிச் சரிசெய்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

முற்றத்தில் இறக்கிக் கிளப்பினோம். வண்டி மெல்ல நகர்ந்ததும் அப்பா நிறுத்துவதற்காக இழுத்தார். பாய்ந்தது. "நிக்க மாட்டேங்குதுடா!" என்று இன்னும் இழுத்தார். இன்னும் பாய்ந்தது. அப்புறம் அவர் புத்திசாலித்தனமாக ரிமோட்டிலிருந்து பேட்டரிகளையே உருவி எறிந்தார். ரிமோட் செத்தால் வண்டி தானே நிற்கும்படி ஒரு நிலையை முன்கூட்டியே பதிவு செய்து வைக்க வேண்டும். செய்திருந்தேன். செய்தபோது என் விரல் ட்ரிக்கரில் இருந்திருக்கிறது. டிரிமையும் அப்போது திருகியிருக்கவில்லை. ஆகவே வண்டி பாதி வேகத்தில், முழு வலப்பக்கமாக, வட்டம் போட ஆரம்பித்தது. வட்டத்தின் நடுவில், காலை நடை போய்க்கொண்டிருந்த வீட்டுக்காரர்.

இரண்டு வருடமாக எங்கள் கூரை ஒழுகுகிறது. அப்பா வாயைத் திறந்தாலே வீட்டுக்காரருக்கு அவசர வேலை வந்துவிடும்.

"என்ன சார் இது? நிறுத்துங்க!"

"எண்ணெய் தீரணும் சார். அதுவரைக்கும் பேசிக்கிட்டிருப்போம். அந்தக் கூரை விஷயம்..."

"அவசரமா ஒரு இடத்துக்குப் போகணும்."

"போங்களேன்."

வண்டி அவர் செருப்பை உரசிக்கொண்டு போனது. அவர் போகவில்லை. மாடியிலிருந்து உங்கள் அக்கா, "குளியலறைத் தாழ்ப்பாளையும் சொல்லுங்க!" என்று கத்தினாள். டாங்க் எட்டு நிமிடம் தாங்கியது. மூன்றாவது நிமிடத்தில் கூரைக்கு ஒப்புக்கொண்டார், ஐந்தாவதில் தாழ்ப்பாள். ஏழாவதில் சுண்ணாம்பு அடித்துத் தருவதாக அவரே சொன்னார். நாங்கள் கேட்கவே இல்லை.

அன்றே சர்வோவின் கையைக் கழற்றி இரண்டு பல் தள்ளி மாட்டினேன். அம்மா சொன்னதால் அல்ல. அதுதான் சரி என்பதால். பதிவையும் பிரேக்கில் வைத்துவிட்டேன். இந்த வீட்டில் இதெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் மணிக்கட்டுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். ஞாயிறுவரை அது ஆறாமலிருக்க என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: பந்தயம் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். இப்போதுதான் வீட்டுக்காரர் மாடியேறி வந்தார், தானாகவே. கூரை வேலைக்கு அவர் கூப்பிடும் கொத்தனார் "நாளைக்கு, நாளைக்கு" என்று நழுவுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலை முற்றம்வரை வர எப்படியோ சம்மதிக்க வைத்திருக்கிறாராம். "தம்பி, வண்டி பழையபடியே சுத்துமா?" என்றார். "சுத்தாது, சரி பண்ணிட்டேன்" என்றேன். திரும்பிப் பார்த்தால், உங்கள் அக்கா சர்வோவின் கையைக் கழற்றி, கையேட்டைக்கூடப் பார்க்காமல், சரியாக இரண்டு பல் தள்ளிப் பழையபடி மாட்டிக்கொண்டிருக்கிறாள். பந்தயத்துக்கு நீங்கள் வேறு வண்டியும் வேறு ஆளும் பாருங்கள். எரிபொருள் மட்டும் ஒரு டப்பா கூடுதலாக அனுப்புங்கள். கொத்தனார் எட்டு நிமிடத்தில் மசிகிற ஆள் இல்லையாம்.