வலப்பக்கம் எழும்புது

பொம்மையின் வலது நெஞ்சு எழும்பவில்லை. டொக்டர் ஐங்கரன் புன்னகையை மட்டும் இறக்கவில்லை.

ஜெர்மனியின் எசன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் அன்று பொதுமக்கள் சுற்றிப்பார்க்கும் நாள். முன்வரிசையில், ஐங்கரன் கட்ட விரும்பும் யோசப்பினின் அப்பா ஞானப்பிரகாசம் நின்றார். மாப்பிள்ளை கத்தோலிக்கர் இல்லை என்ற குறையை, மயக்க மருந்து டொக்டர் என்ற பெருமை ஈடுகட்டுமா என்று பார்க்க வந்தவர். இன்று அவர் தலையாட்டினால் கலியாணம். அங்கேயே தாதியாக வேலை செய்யும் யோசப்பின் சுவரில் சாய்ந்து நின்றாள்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. நெஞ்சைத் திறக்கும் சத்திரசிகிச்சையில் ஒரு சுவாசப்பையை நிறுத்தி, மற்றதால் மட்டும் மூச்சுவிட வைக்கும் இரட்டைக் குழாயை ஐங்கரன் பயிற்சிப் பொம்மையின் தொண்டைக்குள் இறக்கினார். வலது குழாயைக் கிடுக்கியால் இறுக்கிக் காற்றை அமுக்க, இடது நெஞ்சு மட்டும் எழும்பியது. கைதட்டினார்கள். இதை இவ்வளவு சுத்தமாகச் செய்பவர்கள் ஜெர்மனியிலேயே சிலர்தான் என்று அடக்கத்தோடு சொல்லிவிட்டுக் கிடுக்கியைக் கழற்றினார். வலது எழும்பவேண்டும். எழும்பவில்லை.

குழாய் ஆழமாகப் போய்விட்டது என்று வெளியே இழுத்தார். இடதும் படுத்துவிட்டது. திரும்பத் தள்ளினார். அது வலப்பக்கம் போய்ச் செருகிக்கொண்டது. தடித்த குழாய் மாற்றி, முழுப் பலத்தோடு அமுக்கினார். பொம்மை ஏப்பம் விட்டது. இடது மட்டும் பழையபடி எழும்பியது.

"தம்பி, இது ஆளெண்டால் இப்ப என்ன செய்யும்?" என்று கேட்டார் யோசப்பினின் அம்மா ஞானமலர்.

"ஆளெண்டால் ஒத்துழைக்கும், அன்ரி."

சில சுவாசப்பைகள் மெல்ல, ஆறுதலாகத்தான் முழிக்கும் என்று ஐங்கரன் விளக்கினார். பிறகு, "பாருங்கோ அங்கிள், இப்ப வலப்பக்கமும் எழும்புது" என்றார்.

ஞானப்பிரகாசம் தமிழ்ச் சங்கத் தலைவர். தனக்குத் தெரியாத ஒன்று உண்டென்று சபையில் ஒத்துக்கொண்டு பழக்கமில்லாதவர்.

"ஓம், வடிவா எழும்புது."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை," என்றார் ஞானமலர்.

"கண்ணாடியைப் போடும்."

இப்படிப்பட்ட கெட்டிக்காரனுக்கு எந்தக் கோயிலாயிருந்தால் என்ன என்று சொல்லி, ஞானப்பிரகாசம் கலியாண மண்டபம் பிடிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அப்போது கதவு திறந்தது. பயிற்சிப் பொம்மைகளைப் பராமரிக்கும் சிசிலி அக்கா, கையில் ரோசா நிற ரப்பர் பையொன்றோடு எட்டிப் பார்த்தார்.

"யோசப்பின், இந்த வலது சுவாசப்பையை நான் இன்னும் ஒளிச்சு வைச்சிருக்கவோ, இல்லாட்டி உம்மடை ஆள் 'எனக்கு விளங்கேல்லை' எண்டு சொல்லிப்போட்டாரோ?"