நீல டப்பா

மேசைக்கடியில் இனி தன் கை நீளாது என்று கிடங்குக்காரர் மனைவிக்கு வாக்குக் கொடுத்தது திங்கட்கிழமை காலையில். வாக்கு மதியம் வரை கெட்டியாக நின்றது.

சரக்குக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதிப்பது அவர் வேலை. இருபத்தெட்டு வருஷத்தில் தன்னை ஏய்த்து ஓர் ஆணிகூட வெளியே போனதில்லை என்று சொல்லிக்கொள்வார். கள்ளன் எப்படி நடப்பான், எந்தத் தோளைச் சாய்ப்பான் எல்லாம் மனப்பாடம். அந்த ஞானம் சொந்த வீட்டில் பயன்படும் என்று மட்டும் அவர் நினைத்ததில்லை.

எல்லாம் பெரியவரால் வந்தது. பெரியவர் என்பது வீட்டு நாய். வயது பதின்மூன்று, முகமெல்லாம் நரை, ஆகவே மரியாதை. போன வாரம் அவர் வயிற்றிலிருந்து எலுமிச்சை அளவில் ஒரு கட்டியை அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு பசியும் போனது. உள்ளே போன கொஞ்சநஞ்சமும் தண்ணீராக வெளியே வந்தது. உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும், சின்னச் சின்னதாக ஆறு வேளை, கூடவே மாத்திரை என்று சொல்லியனுப்பினார் நாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா. வெள்ளிக்கிழமைக்குள் வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டுமாம். இந்த வயதில் இன்னொரு தடவை தாங்குவாரா என்று கிடங்குக்காரர் கேட்டார். டாக்டரம்மா கை கழுவப் போய்விட்டார்.

"நீங்க எதையும் குடுக்கக் கூடாது," என்றாள் மனைவி. "அளவு தப்பினா வயிறு இன்னும் கெட்டுடும். ஃப்ரிட்ஜுல நீல டப்பாவுல அவருக்கு வேகவெச்ச கோழி இருக்கு. அந்தப் பக்கம் உங்க நிழல்கூட விழக் கூடாது."

அவள் தட்டு வைத்தாள். பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். குட்டியிலிருந்தே அவருக்குத் தட்டு ஒரு சம்பிரதாயம்; சாப்பாடு என்பது மேசைக்கடியில் கிடங்குக்காரர் கையிலிருந்து வருவது.

மதியம் மனைவி துணி உலர்த்த மாடிக்குப் போனாள். கிடங்குக்காரர் நீல டப்பாவைத் திறந்தார். நகத்தளவு கோழித் துண்டுகள். இரண்டை எடுத்துக்கொண்டு, தோளைச் சாய்க்காமல் இயல்பாக நடந்தார். பெரியவர் மெல்லாமலே விழுங்கிவிட்டு அவர் உள்ளங்கையை நக்கினார். மனசாட்சி உறுத்திய இடத்தில் நாக்கு பட்டதும் உறுத்தல் நின்றது.

செவ்வாய்க்கிழமை ஆறு திருட்டு. காலமும் கைகொடுத்தது. இரண்டே நிமிஷத்தில் துணி உலர்த்துகிறவள் இருபது நிமிஷம் மாடியிலேயே நின்றாள். தெய்வம் திருடன் பக்கம் இருக்கிறது என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது.

புதன் காலையில் பின்வாசலெல்லாம் தண்ணீராகப் போயிருந்தார் பெரியவர். வாளியும் துடைப்பமுமாக நின்றார் கிடங்குக்காரர். என் கையாலேயே இவரைக் கொல்கிறேனே என்று நினைத்தார். அன்று திருட்டை நிறுத்தினார். பெரியவரும் சாப்பாட்டை நிறுத்தினார்.

மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நான் குளிக்கப் போறேங்க. அரை மணி ஆகும். டப்பா பக்கம் போயிடாதீங்க."

"இப்பத்தானே குளிச்சே?"

"வேர்க்குது."

சாயங்காலத்துக்குள் மூன்று முறை குளித்துவிட்டாள். கிடங்குக்காரர் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவள் டப்பாவை மேசைமேலேயே மூடியில்லாமல் வைத்துவிட்டு, தொடவே கூடாது என்று இரண்டு தடவை சொல்லி, பக்கத்து வீட்டுக்குப் போனாள். பெரியவர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்தச் சிறையும் தகும். கிடங்குக்காரர் கை டப்பாவுக்குள் போனது.

வியாழன் மதியம் பின்வாசலில் கெட்டியாக, ஒழுங்காக, பழைய உருவத்தில் ஒன்று கிடந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் எந்தச் சரக்கையும் அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சரிபார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பெரியவர் வாலை ஆட்டினார். சேர்க்க வேண்டியதில்லை, அழைத்துப் போகலாம் என்றதும் கிடங்குக்காரருக்குக் கண் கலங்கியது. அந்த ஈரத்தில் உண்மையும் வெளியே வந்தது.

"டாக்டரம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் திருட்டுத்தனமா..."

"தெரியுமே," என்று டாக்டரம்மா, அவர் மனைவி எழுதிக் கொடுத்த நோட்டைப் புரட்டினார். "திங்கள் பன்னிரண்டு பத்து, ரெண்டு துண்டு, மாத்திரையோட. செவ்வாய் ஆறு தடவை. புதன்..." அந்த வரியில் விரல் வைத்து வாசித்தார். "'சாயங்காலம் வரை இவர் திருடவில்லை. பயமா இருக்கு.'"

மாத்திரைகளை அவள் பொடித்து அந்தத் துண்டுகளுக்குள் அடைத்திருக்கிறாள். தட்டில் வைத்தால் தொடாதவர், திருட்டுக் கையில் வந்தால் கேள்வி கேட்க மாட்டார் என்று டாக்டரம்மாவிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். புதன்கிழமை வயிறு போனது மாத்திரை பழகும்வரை வருவதுதான் என்றார் டாக்டரம்மா. அவர் மேல் குற்றமில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் பெரியவர் தலை கிடங்குக்காரர் மடியில் கிடந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. தேடிப் பார்த்தும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவளைக் கும்பிடலாம் போலிருந்தது. கையை எடுத்தால் பெரியவர் விழித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்.

"நேராவே சொல்லியிருக்கலாமே," என்றார் மெதுவாக. "ஆறு வேளையும் நானே குடுத்திருப்பேனே."

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"குடுங்கன்னு சொன்ன எதை நீங்க இதுவரைக்கும் மறக்காம குடுத்திருக்கீங்க?"