ஆறு பெயருக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறி

சோம்பேறித்தனத்துக்கு 'எளிமை' என்று பெயர் சூட்டும் சாமர்த்தியம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அதனால் ஒரு நாள் காலை முட்டம் கடற்கரையே கலங்கிப்போனது.

அப்போது நாகர்கோவிலில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மீனவர்களின் போனுக்குக் காற்று, அலை நிலவரத்தைச் செய்தியாக அனுப்பும் சேவை எங்களுடையது. வெளி நிறுவனங்களும் அதைப் பயன்படுத்த ஒரு கிளையன்ட் லைப்ரரி, அதாவது அவர்கள் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் தயார் நிரல், கொடுப்போம். லைப்ரரியை ஒரு கருவியே எழுதிவிடும். சேவையின் எந்தெந்த மெத்தட் (ஒரு வேலையைச் செய்யவைக்கும் கட்டளை) அதில் தெரியலாம் என்று ஒரு கோப்பில் குறிப்பது மட்டும் என் வேலை.

மொத்தம் முப்பத்தெட்டு மெத்தட். வெளியாருக்கு வேண்டியது ஆறு. ஆறு பெயரை டைப் அடிக்கச் சோம்பல்பட்டு, 'எல்லாம்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறி ஒன்றைப் போட்டேன். (மேலாளரிடம் அதைக் கச்சிதம் என்று பெருமையடித்ததும் நான்தான்.)

இரண்டு நாள் கழித்து, மீன் ஏற்றுமதி நிறுவனமொன்றில் புரோகிராமராக இருந்த ஷைனி கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒங்க லைப்ரரியில 'டெஸ்ட் அலர்ட்'ண்ணு ஒண்ணு கெடக்கு. டெஸ்டுதானேண்ணு ஓட்டிப் பாத்தேன். ஒண்ணுமே வரல்ல."

அவளுக்கு எப்படி வரும்? பதிவு செய்திருந்த மீனவர்கள் எல்லாருக்கும் போயிருந்தது: 'பெருங்காற்று. உடனே கரை திரும்பவும்.' அது எங்கள் உள் உபயோகத்துக்கானது; சோதிக்கும்போது செய்தி போகும் எண்களை எங்கள் போன் எண்களாக மாற்றிக்கொள்வோம். அது அவளுக்குத் தெரியாதே!

அந்த மெத்தடை மூடினேன். 'முந்தைய செய்தி தவறு' என்று இன்னொன்றை அனுப்பினேன். (அதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.) பைக்கை எடுத்துக்கொண்டு முட்டத்துக்குப் பறந்தேன். எனக்கு நிச்சயமான மெர்சியின் ஊர் அது. மாதா கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வள்ளங்கள் வெறும் வலையோடு திரும்பிக்கொண்டிருந்தன. மெர்சி பாறையோரம் நின்றிருந்தாள்.

"அப்பா மட்டும் வரல்ல."

அவசரமாகத் திரும்பும்போது பாறையில் மோதியிருந்தால்?

"மெர்சி, காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நான் செஞ்ச தப்பு."

"வாய மூடிட்டுக் கடலப் பாருங்க."

பார்த்தேன். அவ்வளவு பக்தியோடு நான் எந்தக் கோயிலிலும் நின்றதில்லை. பதினொரு மணிவாக்கில் ஒரு வள்ளம் ஆடி அசைந்து வந்தது. உள்ளே குவியலாகச் சாளை மீன். பின்னால் என் வருங்கால மாமனார்.

"என்னலே, எல்லாரும் கூட்டம் போட்டு நிக்குதிய? ஆருக்கு என்ன?"

"மெசேஜ் பாக்கல்லியாப்பா?"

"எனக்க கண்ணுக்கு அந்தப் பொடி எழுத்தெல்லாம் தெரியுமா மக்களே?"

மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று மெர்சி சொல்கிறாள். உப்புக்காற்று என்பது என் கட்சி. நடந்ததை எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். நாலைந்து பேர் அடிக்கவே வந்தார்கள். மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதான் கடல்ல நான் ஒருத்தனா நிண்ணேனா! ஏலே, அவன விடுங்கலே. ஆளுக்குக் கொஞ்சம் சாளை கொண்டுபோங்க."

கறிக்கு மீன் கிடைத்ததும் வசவு குறைந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக ஆறு பெயரையும் எழுத்தெழுத்தாக டைப் அடித்தேன். கல்யாணமும் குறித்த நாளில் நடந்தது.

எங்கள் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன். யாரோ வாசித்துக்காட்டியிருக்க வேண்டும். மாமனார் உடனே கூப்பிட்டார்.

"மாப்ள, இது டெஸ்டா, உள்ளதா?"