மேலாளரின் துருத்தியும் ஹெட்கிளார்க்கின் மாற்றலும்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்த கையோடு மனிதகுலம் அசந்து உட்கார்ந்துவிட்டது. அந்தத் தேக்கத்தை உடைக்கவே குடிநீர் வாரியக் கிளை அலுவலகத்தின் மேலாளர் பேக்பைப் என்னும் துருத்தி வாத்தியத்தைக் கற்றுக்கொள்ளத் திருவுளம் கொண்டார். அக்குளில் ஒரு பை, வாயில் ஒரு குழாய், விரல்களுக்கு ஒன்று, தோளில் சாய்ந்தபடி மூன்று. ஊதிப் பையை நிரப்பி முழங்கையால் அமுக்கினால் இசை வரும் என்று கூடவே வந்த கையேடு உறுதி அளித்திருந்தது.

வீட்டில் அவர் மனைவி, "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று தம் கருத்தைப் பதிவு செய்தார். மேலாளர் நல்ல குடும்பஸ்தர். கலையை அலுவலகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மதிய உணவு நேரம் 'கலை நேரம்' ஆயிற்று.

உடனடியாக ஒரு 'கேட்போர் குழு' அமைக்கப்பட்டது. பொறுப்பு ஹெட்கிளார்க்குக்கு. பாவம், அவர் மனைவியும் சின்னஞ்சிறு மகளும் வேறொரு ஊரில். அங்கே ஒரே ஓர் இடம் காலி. அதற்கு மாற்றல் கேட்டுவிட்டு மேலாளரின் கையெழுத்துக்குத் தவம் கிடந்தார். கையெழுத்துப் போடும் கையோ பையை அமுக்குவதில் மும்முரமாக இருந்தது.

முதலில் வெறும் காற்றுதான் வந்தது.

"என்னய்யா, புஸ்ஸுனு போவுது?" என்றார் மேலாளர்.

"காத்துலயே ஒரு சுருதி இருக்கு சார்!" என்றார் ஹெட்கிளார்க்.

பிறகு சத்தமும் வந்தது. துருப்பிடித்த கேட்டை யாரோ விடாமல் இழுத்துத் திறப்பது போன்ற சத்தம். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல வந்தவர்கள் வாசலோடு திரும்பி ஓடினார்கள். புகார்கள் அறவே ஒழிந்ததால் மேலிடம் பாராட்டுத் தெரிவித்தது. கலை வென்றது!

"பிரமாதம் சார்! எங்கயோ போயிட்டீங்க!" என்றார் ஹெட்கிளார்க். அப்போது மகள் போனில் அழைத்தாள்.

"அப்பா, அங்க யாரு அழறாங்க?"

"யாரும் அழலடா கண்ணு. மேனேஜர் சார் பாடம் படிக்கிறாரு."

"அவர அடிச்சிட்டாங்களா?"

"இல்லடா..."

"நீங்க எப்பப்பா வருவீங்க?"

ஹெட்கிளார்க் போனை வைத்துவிட்டு, "இன்னொரு தடவ வாசிங்க சார்" என்றார். மனுஷன் வேறென்ன செய்வார்?

அந்த இன்னொரு தடவைதான் வினையாகிப் போனது. கணக்குப் பிரிவு அம்மா டிபன் பாக்ஸைப் படாரென்று மூடினார். "சார், தப்பா நினைக்காதீங்க. தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது. இது பாட்டே இல்ல சார்."

மறுநாள் காலை 'ஒழுங்கு நடவடிக்கை' பாய்ந்தது. கலையை இகழ்ந்த குற்றத்துக்காக அந்த அம்மா உடனடியாக வெளியூருக்குத் தூக்கி அடிக்கப்பட்டார். எந்த ஊர்? ஹெட்கிளார்க் கேட்ட அதே ஊர்; காலியாக இருந்த அதே இடம்.

"அக்கா வீடு அங்கதான் இருக்கு, நிம்மதி" என்று அந்த அம்மா தம் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஹெட்கிளார்க் மேலாளர் அறைக்குள் பாய்ந்தார். "சார், அது நான் கேட்ட இடம் சார்!"

"உங்கள அனுப்பிட்டு நான் எப்படிய்யா முன்னேறுவேன்? உங்கள மாதிரி ரசிகன் கிடைப்பானா?"

ஹெட்கிளார்க்குக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தன. "சார், நீங்க வாசிக்கிறது சகிக்கல! முதல் நாள்லேருந்தே சகிக்கல! என்னையும் தண்டிங்க சார், எங்கயாவது அனுப்புங்க!"

மேலாளர் பையைக் கீழே வைத்தார். அது தானாகவே ஒருமுறை முனகி அடங்கியது. அவர் முகம் நிஜமாகவே வாடியிருந்தது.

"அவ்வளவு கேவலமா வாசிச்சவன 'பிரமாதம், பிரமாதம்'னு உசுப்பேத்தினது யாருய்யா?"

கற்கத் தொடங்கிய நாளிலிருந்து மேலாளர் சுருதி பிசகாமல் எழுப்பிய முதல் ஒலி அந்தக் கேள்விதான்.