அனுமதி அழிக்கவும்

"சார், புதுசா வர்றவங்களுக்கு அனுமதியை அழிச்சிட்டா, அப்புறம் அவங்க எப்படி உள்ள வருவாங்க?"

புரோகிராமர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தரவுத்தள மென்பொருளுக்குக் கையேடு எழுதியவர் அவர்தான். முப்பத்தாறாம் பக்கத்தில் ‘புதிய பயனருக்கு அனுமதி அழிக்கவும்’ என்றிருந்தது. முப்பத்தேழிலும் அதே கூத்து.

"ஓ, அளிக்கவும்னு வரணுமா? இந்த ழ, ள ரெண்டும் எனக்குத் தண்ணி காட்டுது மேடம்."

கையேடுகளைத் திருத்துவதற்கென்றே ஆறு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பிழையைக் கண்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அலுவலகத்தில் வைத்த பெயர் ‘ழகரம்’. அன்று மாலைக்குள் கையேடு அச்சுக்குப் போயாக வேண்டும். இருக்கைக்கு ஓடியவள், ‘அழி’ என்று வந்ததையெல்லாம் கணினியில் ஒரே தட்டில் ‘அளி’ ஆக்கினாள். மேனேஜர் அதை வாங்கி, முதல் வாடிக்கையாளரான நூலகத்துக்கு முன்கூட்டியே ஒரு பிரதியை மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார்.

மதியம் மேனேஜர் போனைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"நூலகத்துலேர்ந்து பேசறாங்க. ‘பழைய உறுப்பினர் பட்டியலை அளிக்கவும்’னு போட்டிருக்காம். யாருக்குன்னு தெரியாம, வாசல்ல நின்ன கூரியர்காரர் கையில குடுத்துட்டாங்களாம்!"

அவள் இருக்கைக்கு ஓடினாள். பதற்றத்தில் மறுபடி ஒரே தட்டு; இப்போது ‘அளி’ அத்தனையும் ‘அழி’ ஆனது. இம்முறை மேனேஜர் உஷார். அனுப்புவதற்கு முன் முன்னுரையை உரக்கப் படித்தார்.

"‘உங்களுக்கு மகிழ்ச்சி அழிப்பதே எங்கள் நோக்கம். என்றும் ஆதரவு அழித்து வருவோம்.’ ஏம்மா, இதுக்கு நாம கடையை இழுத்து மூடிட்டே போயிடலாமே?"

அவள் கண் கலங்கிவிட்டது. புரோகிராமர்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஒண்ணொண்ணா பார்த்துடலாம் மேடம். இருநூத்திப் பன்னெண்டு இடம்தானே?"

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் அவர் திணறினார்.

"இது சிறப்பு ழவா?"

"தூக்கிப் போடறதுன்னா சிறப்பு ழ சார். குடுக்கறதுன்னா குண்டு ள."

"அப்ப இது?"

"இப்பதானே சொன்னேன்!"

நூற்றைம்பதாவது இடத்திலும் அதே கேள்வி. அவளுக்கு ஏனோ கோபம் வரவில்லை; சிரிப்புத்தான் வந்தது. ஐந்து மணிக்கு, பிழை இல்லாத கையேடு அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கிளம்பும்போது வரவேற்பறைப் பெண்ணிடம் சொன்னாள்: "பாவம்மா அந்த மனுஷர். இவ்வளவு சொல்லிக் குடுத்தும் ழ, ள பிடிபடலை. நாளையிலேர்ந்து தினம் ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கலாம்னு இருக்கேன்."

வரவேற்பறைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவருக்கா தெரியாது? நீங்க வர்றதுக்கு முன்னாடி, எட்டு வருஷமா இங்க எல்லார் எழுத்துப்பிழையையும் திருத்தினதே அவர்தான்க்கா!"